சின்ன இறக்கைக்குத் தனிக் கணக்கு

கண்டி வாவியைச் சுற்றித் தென்கிழக்கே மேலேறும் வீதி அம்பிட்டியவுக்குப் போகிறது. ஊருக்கு மேற்கே ஹந்தானை மலை. கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். 1893 இல் நிறுவப்பட்ட குருமடத்தால் கத்தோலிக்கர் அறிந்த ஊர் இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவு. தட்டையான நிலம் என்றால் ஒரு பாடசாலை மைதானத்தைத்தான் தேடிப் போகவேண்டும். மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிட ஆசைப்படுபவருக்கு ஏற்ற இடமாக இது முதலில் தோன்றாது. மலை காற்றைத் திருப்புகிறது, மழை பிற்பகலைப் பறித்துக்கொள்கிறது, காற்றின் அடர்த்தியும் கடற்கரையில் இருப்பதைவிடக் குறைவு.

ஆனால் விமானவியலைக் கையால் செய்து கற்க விரும்புபவருக்கு இந்தத் தடைகளே பாடங்கள் ஆகின்றன. இலங்கையின் வானிலை ஆண்டு நான்காகப் பிரிகிறது: டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, மார்ச், ஏப்ரலில் முதலாம் இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் இரண்டாம் இடைப்பருவம். ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு வகை விமானத்துக்குப் பொருந்தும். ஜனவரியில் கையால் எறியும் கிளைடரோடு தொடங்கும் ஒருவர், ஆண்டு முடிவதற்குள் மின்மோட்டார் பூட்டிய விமானம் வரை போய்விடலாம்.

அந்த ஓராண்டில் அவர் கற்கும் பெரிய உண்மை ஒன்று உண்டு. மாதிரி விமானம் பெரிய விமானத்தைச் சுருக்கிச் செய்த பொம்மை அல்ல. அளவு மாறினால் எடை, வலிமை, வேகம், காற்றின் நடத்தை எல்லாம் வெவ்வேறு விகிதத்தில் மாறுகின்றன. சின்ன இறக்கைக்கு இயற்கை தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

ஜனவரி: சமநிலை

தைப்பொங்கல் நாளில் யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடக்கிறது. விமானம், கப்பல், பறவை என்று பல வடிவங்களில் பெரும் பட்டங்கள் வாடைக்காற்றில் ஏறுகின்றன. விண் பூட்டிய பட்டங்கள் இரவிலும் ஒலித்துக்கொண்டு நிற்கும். பட்டத்தையும் நூலையும் இணைக்கும் முச்சையைக் கட்டும் இளைஞர் செய்வது சுத்தமான விமானவியல்: காற்றை எந்தக் கோணத்தில் பட்டம் எதிர்கொள்ள வேண்டும் என்பதை முச்சைதான் தீர்மானிக்கிறது. கோணம் கூடினால் பட்டம் திணறும், குறைந்தால் ஏறாது.

கிளைடரில் அந்த முச்சையின் வேலையை ஈர்ப்பு மையமும் வாலும் சேர்ந்து செய்கின்றன. இதை முதலில் தெளிவாக விளங்கிக்கொண்டவர் இங்கிலாந்தின் ஜோர்ஜ் கேலி. 1804 இல் அவர் செய்த சிறு கிளைடரில் பட்டம் போன்ற ஓர் இறக்கை, அசைத்துச் சரிசெய்யக்கூடிய வால், முன்பின் நகர்த்தக்கூடிய ஓர் எடை ஆகிய மூன்றும் இருந்தன. இன்றைய விமானத்தின் உடலமைப்பு அந்தச் சிறு கிளைடரிலேயே இருக்கிறது.

அம்பிட்டியவில் இதே சோதனையைச் செய்ய ஒரு ரெஜிஃபோம் தட்டும் மூங்கில் குச்சியும் கொஞ்சம் களிமண்ணும் போதும். சாதாரண நேர் இறக்கையின் அகலத்தில், முன் விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே ஈர்ப்பு மையம் விழுமாறு மூக்கில் களிமண் ஒட்டவேண்டும். களிமண் குறைந்தால் கிளைடர் மூக்கை உயர்த்தும், வேகம் இழந்து சரியும், மறுபடி மூக்கை உயர்த்தும். கூடினால் நேராகத் தரையைக் குத்தும்.

காரணம் இதுதான். வால், இறக்கையைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் காற்றை எதிர்கொள்ளும்படி வைக்கப்படுகிறது. காற்று மூக்கைத் தூக்கிவிட்டால் இறக்கையின் கோணமும் வாலின் கோணமும் ஒரே அளவு கூடுகின்றன. ஏற்கெனவே சிறிய கோணத்தில் இருந்த வாலுக்கு அந்தக் கூடுதல் விகிதத்தில் பெரியது. ஆகவே வால் மேலே உந்தப்பட்டு மூக்கு பழைய நிலைக்கு இறங்குகிறது. விமானியோ கணினியோ இல்லாமல் விமானம் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போய்விட்டால் இந்தத் திருத்தம் வேலை செய்யாது.

பக்கவாட்டுச் சாய்வுக்கும் இப்படியொரு மருந்து உண்டு. இரண்டு இறக்கைகளையும் நுனி உயர்ந்திருக்குமாறு மெல்லிய V வடிவில் ஒட்டவேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் விமானம் அந்தப் பக்கமாக வழுக்கும். தாழ்ந்த இறக்கைக்கு அப்போது காற்று அதிகக் கோணத்தில் வந்து படும். அதன் ஏற்றுவிசை கூடி மறுபடி நிமிரும்.

நன்றாகச் சமன்செய்த கிளைடரை 2 மீற்றர் உயரத்திலிருந்து மெல்ல விட்டால் 12 மீற்றர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சறுக்கு விகிதம் ஆறுக்கு ஒன்று. அதாவது ஏற்றுவிசை, காற்றின் இழுவையைப் போல ஆறு மடங்கு. இந்த அளவீட்டுக்கு ஒரு நாடாவைத் தவிர வேறு கருவி வேண்டாம்.

ஏப்ரல்: முறுக்கிய இறப்பர்

முதலாம் இடைப்பருவத்தில் கண்டிப் பகுதியின் காலைகள் பெரும்பாலும் அமைதியானவை. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, பிற்பகலில் இடியும் மழையும் சேர்ந்து வரும். எட்டு மணிக்கு முன் கிடைக்கும் அந்தக் காற்றில்லாத நேரம் இறப்பர் முறுக்கிப் பறக்கும் விமானத்துக்கே உரியது.

இந்த வகையின் தந்தை பிரான்சின் அல்போன்ஸ் பெனோ. 1871 ஓகஸ்ட் 18 ஆம் திகதி பரிஸ் நகரின் துய்லரி பூங்காவில் அவர் பறக்கவிட்ட ‘பிளானோஃபோர்’ 11 விநாடிகள் வானில் நின்றது. இறக்கை நீளம் அரை மீற்றருக்கும் குறைவு, எடை சுமார் 16 கிராம். முறுக்கிய இறப்பர் பின்புறத்துச் சுழலியைச் சுழற்றியது. உயர்த்திய இறக்கை நுனிகளும் குறைந்த கோணத்து வாலும் அதை நிலையாக வைத்திருந்தன. தானாகவே நிலைகாத்துப் பறந்த விமானம் என்று வரலாறு இதைச் சொல்கிறது.

பெனோவின் இறப்பர் ஹெலிகொப்டர் பொம்மையின் வகையில் ஒன்றை 1878 இல் அமெரிக்கப் பாதிரியார் மில்ற்றன் ரைட் தம் பிள்ளைகளுக்கு வாங்கிவந்தார். வில்பர், ஓர்வில் என்ற அந்தச் சிறுவர்கள் அதைப் பார்த்து இன்னும் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது மோசமாகப் பறந்தது. நீள அகலங்களை இருமடங்காக்கினால் எட்டு மடங்கு வலு வேண்டியிருக்கும் என்பது அப்போது தங்களுக்குத் தெரியவில்லை என்று இருவரும் பிற்காலத்தில் எழுதினார்கள். உலகின் முதல் விமானிகள் அளவுக் கணக்கோடு மோதியது ஒரு பொம்மையில்தான்.

இறப்பரின் கதையில் இலங்கைக்கும் இடமுண்டு. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு வித்திட்ட ஹீவியா நாற்றுகள் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 1876 இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவுக்கு வந்தன. இன்றும் போட்டி விமானங்களுக்கு இயற்கை இறப்பரே வேண்டும். இழுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில் செயற்கை இறப்பர்கள் அதற்கு ஈடாவதில்லை. நல்ல இறப்பர் ஒரு கிராமில் ஏறத்தாழ 10 ஜூல் ஆற்றலைச் சேமிக்கும். அதே எடையுள்ள லித்தியம் பற்றரி 500 ஜூலுக்கு மேல் வைத்திருக்கும். இருந்தும் மிகச் சிறிய விமானத்தில் இறப்பர் வெல்கிறது, ஏனென்றால் மோட்டாரும் அதுவே, எரிபொருளும் அதுவே. வேறு பாரம் எதுவும் இல்லை.

மூடிய மண்டபத்துக்குள் பறக்கும் சர்வதேசப் போட்டி வகையொன்றில் இறப்பர் நீங்கலான விமானத்தின் எடை ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு. இறப்பர் அரைக் கிராம்கூட இல்லை. இறக்கையை மூடியிருப்பது கண்ணுக்கு வானவில் நிறம் காட்டும் மிக மெல்லிய படலம். அந்த விமானங்கள் அரை மணிநேரம் வரை மிதக்கின்றன. சுழலி ஒவ்வொரு சுற்றாக எண்ணக்கூடிய வேகத்தில் சுழலும். ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்தின் பெரும் அறைகள் இந்தப் போட்டிகளுக்குப் பேர்போனவை, ஏனென்றால் அங்கே காற்று அசையாது.

அம்பிட்டியவில் தொடங்குபவருக்கு அரை நிமிடப் பறப்பே பெரிய வெற்றி. சீரான நீண்ட இறப்பர், அதற்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, நேரான ஒரு சுழலி அச்சு: இந்த மூன்றிலும் கவனம் வைத்தால் நேரம் கூடும். இறப்பர் சுழலியை ஒரு பக்கம் திருப்பும்போது உடல் மறுபக்கம் சாய முனைவதையும் இங்கேதான் முதன்முறையாகக் காணலாம். அச்சைச் சற்றே கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் திருப்பி வைப்பது அதற்குத் தீர்வு.

தென்மேல் காற்றில் கட்டும் வேலை

மே மாதத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் காற்று மலைநாட்டை அறைகிறது. அம்பிட்டிய ஹந்தானையின் மறைவில் இருப்பதால் மழை சற்றுக் குறையலாம். ஆனால் மலையைத் தாண்டி இறங்கும் காற்று சுழன்று புரளும். அந்தச் சுழலில் 50 கிராம் கிளைடர் நிற்காது. இந்த மாதங்கள் மேசையில் உட்கார்ந்து பால்சா மரத்தில் சட்டகம் கட்டுவதற்கானவை.

பால்சா தென், மத்திய அமெரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளில் மிக வேகமாக வளரும் மரம். உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்புவது ஈக்வடோர். அதன் அடர்த்தி பெரும்பாலும் கனமீற்றருக்கு 100 முதல் 200 கிலோகிராம். தேக்கு 600ஐத் தாண்டும். இரண்டாம் உலகப் போரில் பறந்த ‘மொஸ்கிற்றோ’ விமானத்தின் உடல், ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது. இன்று காற்றாலை இறக்கைகளின் உட்பகுதிக்கும் அதே மரம் போவதால் விலை ஏறிவிட்டது. ஆகவே இலங்கையில் பலருக்குப் பால்சா எட்டாத பொருள். மூங்கில் சீவல், ஈர்க்கு, ரெஜிஃபோம் ஆகியவற்றை உரிய இடத்தில் வைத்தால் எடையைச் சற்றுக் கூட்டிக் காசை நிறையச் சேமிக்கலாம். வளையும் இறக்கை நுனிக்கு மூங்கில் பால்சாவைவிட நல்லது.

மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி முறுகும். ஒரு பக்க இறக்கை நுனி மட்டும் சற்றுத் திருகினாலும் விமானம் அந்தப் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ சுழன்று விழும். கட்டும் சட்டகத்தைத் தட்டையான பலகையில் ஊசி குத்திப் பசை முழுக்கக் காயும்வரை எடுக்காமல் இருப்பதும், மூடிய தாளை நீர் தெளித்து இறுக்கும்போது இறக்கையைப் பலகையோடு கட்டி வைப்பதும் கண்டி ஈரத்தில் கட்டாயம்.

இங்கேதான் அளவுக் கணக்கைக் கணக்காகவே போட்டுப் பார்க்கவேண்டும். 20 கிராம் எடை, 2 சதுர டெசிமீற்றர் இறக்கை கொண்ட ஒரு கிளைடர். ஒவ்வொரு சதுர டெசிமீற்றரும் 10 கிராம் சுமக்கிறது. அதே பொருளில், அதே வடிவில் எல்லா அளவையும் இருமடங்காக்குவோம். இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகி 8 சதுர டெசிமீற்றர். கன அளவு எட்டு மடங்கு, எனவே எடை 160 கிராம். இப்போது ஒவ்வொரு சதுர டெசிமீற்றரும் 20 கிராம் சுமக்கவேண்டும். அதைத் தாங்க விமானம் 1.4 மடங்கு வேகமாகப் பறந்தாகவேண்டும். முழுச் சுமையோடு ஏறும் ஏர்பஸ் ஏ320 இன் இறக்கையில் ஒவ்வொரு சதுர டெசிமீற்றரும் 6,000 கிராமுக்கு மேல் சுமக்கிறது. கையால் எறியும் கிளைடர் மனிதர் ஓடும் வேகத்தில் மிதப்பதும், ஏ320 ஓடுபாதையில் மணிக்கு 250 கிலோமீற்றரை நெருங்கினால்தான் தரையை விடுவதும் இந்த ஒரே கணக்கின் இரு முனைகள்.

இதை அலட்சியம் செய்ததற்கு விலை கொடுத்தவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனச் செயலாளர் சாமுவேல் லாங்லி. 1896 மே 6 ஆம் திகதி, நீராவி எஞ்சின் பூட்டிய அவருடைய ஆளில்லா ‘ஏரோட்ரோம் 5’ பொட்டோமாக் ஆற்றின் மேல் சுமார் ஒரு கிலோமீற்றர் பறந்தது. 11 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாதிரியின் மாபெரும் சாதனை அது. அமெரிக்கப் போர்த்துறை 50,000 டொலர் கொடுத்தது. அதே வடிவைப் பெரிதாக்கி மனிதனை ஏற்றியபோது 1903 ஒக்டோபர் 7 ஆம் திகதியும் டிசெம்பர் 8 ஆம் திகதியும் அது ஆற்றில் விழுந்தது. சிறிய அளவில் போதுமாக இருந்த சட்டகத்தின் வலிமை பெரிய அளவில் போதவில்லை. ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் கிற்றி ஹோக் மணல்வெளியில் பறந்தார்கள். அவர்கள் சிறு இறக்கைகளைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து எண்களை எடுத்தார்கள்; வடிவத்தை அப்படியே ஊதிப் பெருக்கவில்லை.

காற்று பிசுபிசுக்கும் அளவு

எடைக் கணக்கு பாதிதான். காற்றே சின்ன இறக்கையிடம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

1883 இல் மான்செஸ்டர் பேராசிரியர் ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ், குழாயில் ஓடும் நீரில் சாயம் விட்டு, ஓட்டம் எப்போது ஒழுங்காகவும் எப்போது கொந்தளித்தும் ஓடுகிறது என்று ஆராய்ந்தார். வேகம், அளவு, பாய்மத்தின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்து வரும் ஓர் எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. அதுவே ரெய்னோல்ட்ஸ் எண். மாதிரி விமானம் கட்டுபவருக்கு அதைக் கணக்கிட எளிய வழி உண்டு: வேகத்தை விநாடிக்கு மீற்றரிலும் இறக்கை அகலத்தை மில்லிமீற்றரிலும் எடுத்துப் பெருக்கி, மறுபடி 70 ஆல் பெருக்கவேண்டும். விநாடிக்கு 8 மீற்றரில் பறக்கும் 100 மில்லிமீற்றர் அகல இறக்கைக்கு 56,000 வரும். பயணிகள் விமானத்துக்கு அந்த எண் கோடிகளில் இருக்கும்.

எண் குறைந்தால் காற்றின் பிசுபிசுப்பு மேலோங்குகிறது. இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஒழுங்காக ஓடும் மெல்லிய காற்றுப் படலம், இறக்கையின் வளைவில் இறங்கும் இடத்தில் வலுவிழந்து பிரிந்துவிடும். பிரிந்தால் ஏற்றுவிசை சட்டென்று விழும், இழுவை ஏறும். பெரிய விமானத்தில் அந்தப் படலம் கொந்தளித்து ஓடுகிறது. கொந்தளிப்பு வெளிக்காற்றின் ஆற்றலை உள்ளே இழுத்து, படலத்தைப் பரப்போடு ஒட்டவைக்கிறது. அதனால் ஒரு பயணிகள் விமானத்தின் தடித்த இறக்கை வடிவத்தை 10 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சுருக்கினால் அது மோசமாகப் பறக்கும். அதே அளவில் சற்றே வளைத்த மெல்லிய அட்டை அதைவிட நன்றாகப் பறக்கும்.

1940 களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் இதை மாதிரி விமான இறக்கைகளில் அளந்து காட்டினார். 1980 களிலிருந்து மைக்கேல் செலிக் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்து முடிவுகளை எல்லோருக்கும் பொதுவாக்கினார். சோதனைக்கு வேண்டிய இறக்கைகளில் பலவற்றை ஆர்வலர்களே தங்கள் வீட்டு மேசையில் செதுக்கி அனுப்பினார்கள்.

அம்பிட்டிய மேசையில் இதற்கான பரிசோதனை மிக எளியது. இறக்கையின் மேற்பரப்பில், முன் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், ஒரு தையல் நூலை நீளவாக்கில் ஒட்டிப் பறக்கவிடலாம். நூல் காற்றுப் படலத்தைக் குலைத்துக் கொந்தளிக்க வைக்கும், பிரிவது தள்ளிப்போகும். சரியான இடத்தில் ஒட்டிய நூல் சறுக்கு விகிதத்தை உயர்த்தும், தவறான இடத்தில் ஒட்டியது கெடுக்கும். நாடாவை எடுத்து அளந்தால் வேறுபாடு எண்ணில் தெரியும். வயலோரம் பறக்கும் தும்பியின் இறக்கையை உருப்பெருக்கியில் பார்த்தால் அது வழவழப்பாக இல்லாமல் மடிப்பு மடிப்பாக இருப்பது தெரியும். அந்தச் சிறிய அளவில், அந்த மெதுவான வேகத்தில், மடிப்புள்ள இறக்கை வழவழப்பான இறக்கைக்கு இளைத்ததல்ல என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒக்டோபர்: மோட்டாரும் உயரமும்

கண்டியில் ஆண்டின் பெருமழை ஒக்டோபரிலும் நவம்பரிலும் விழுகிறது. தாளும் பால்சாவும் நனைந்தால் போயிற்று, ரெஜிஃபோம் நனையாது. மின்மோட்டார் விமானத்தை இந்த மாதங்களில் கட்டி, மழை விடும் காலைகளில் சோதிக்கலாம்.

அரைக் கிலோகிராம் எடையுள்ள ஒரு பயிற்சி விமானத்துக்கு ஏறும்போது 80 முதல் 100 வாற் வரை போதும். மூன்று கலம் கொண்ட லித்தியம் பொலிமர் பற்றரி 11.1 வோல்ற் தரும். 8 அம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 90 வாற். 1,300 மில்லி அம்பியர்-மணி கொள்ளும் பற்றரியில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து, சராசரி 40 வாற்றில் பறந்தால் கால் மணிநேரம் கிடைக்கும். இந்தப் பற்றரிகளைக் கவனமாகக் கையாளவேண்டும். குத்துப்பட்டாலோ அளவுக்கு மேல் மின்னேற்றினாலோ தீப்பிடிக்கும். ஆளில்லாத அறையில் மின்னேற்றவே கூடாது.

மலைநாட்டுக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். கொழும்பைவிடச் சற்றுக் குளிர்ச்சியானாலும், காற்றழுத்தம் குறைவதால் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைகிறது. அதே விமானம் அம்பிட்டியவில் நிலைத்துப் பறக்கக் கொழும்பில் வேண்டியதைவிட 2 சதவீதத்துக்கும் சற்று அதிக வேகம் வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே அடர்த்திக் குறைவு சுமார் 15 சதவீதம்; கீழ்வேக எல்லை 8 சதவீதத்துக்கு மேல் உயரும், சுழலியின் உந்துவிசையும் குறையும். காலி முகத்திடலில் மெல்ல இறங்கிய விமானம் நுவரெலியாவில் வேகமாக வந்து இறங்கும். நடுவில் இருக்கும் அம்பிட்டியவில் எடையில் குறையும் ஒவ்வொரு கிராமும் வேண்டிய வேகத்தைக் குறைக்கும்.

எங்கே பறக்கவிடலாம் என்பதும் கட்டும்போதே தெரிந்திருக்கவேண்டும். இலங்கையில் ஆளில்லா விமானங்கள் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டவை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு ட்ரோன்களும் ஆளில்லா விமானங்களும் நாடு முழுவதும் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டன. தலதா மாளிகைச் சூழல் போன்ற பாதுகாப்பு வலயங்களும் சன நெரிசலும் உள்ள கண்டியில், தொலைக்கட்டுப்பாட்டு விமானம் எடுப்பவர் நடப்பிலுள்ள விதியை அறிந்து, மைதானத்துக்கு உரியவரின் அனுமதியையும் முதலில் பெறுவது கடமை. கிளைடரும் இறப்பர் விமானமும் கற்றவருக்கு அந்தக் காத்திருப்பும் வீணாகாது.

மேசையிலிருந்து வானத்துக்கு

இந்தக் கைவேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் போல் மக்கிரெடி சிறுவயதில் மாதிரி விமானப் போட்டியாளர். 1956 இல் கிளைடர் உலகச் சாம்பியன். 1977 ஓகஸ்ட் 23 ஆம் திகதி அவருடைய ‘கொஸமர் கொண்டோர்’ மனிதக் காலின் வலுவால் மட்டுமே எட்டு வடிவப் பாதையில் பறந்து கிரேமர் பரிசை வென்றது. இறக்கை நீளம் 29 மீற்றர், வெற்று எடை சுமார் 32 கிலோகிராம். விழுந்தால் அன்றே ஒட்டிப் பறக்கவிடலாம் என்ற மாதிரி விமானக்காரரின் பழக்கமே அதை வடிவமைத்தது. இரண்டாண்டில் அதன் தம்பி ‘கொஸமர் அல்பற்றோஸ்’ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

2003 ஓகஸ்டில் பால்சாவும் பிளாஸ்ரிக் படலமும் கொண்ட ஒரு மாதிரி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை அட்லாண்டிக்கைக் கடந்தது. எரிபொருளோடு சேர்த்து 5 கிலோகிராமுக்கு உட்பட்ட எடை, 3,000 கிலோமீற்றருக்கு மேல் தூரம், 38 மணி 52 நிமிடப் பறப்பு. கட்டியவர் மேனார்ட் ஹில்லுக்கு அப்போது வயது 77. பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. விரலால் தடவித்தான் மரத்தின் வழவழப்பைப் பார்த்தார்.

நம் பக்கத்திலும் குறைவில்லை. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த, குரோம்பேட்டையில் 1949 இல் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியின் ‘தக்‌ஷா’ மாணவர் அணி 2018 இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. மருத்துவ மாதிரியைத் தொலைவிலிருந்து எடுத்துவரும் போட்டி அது. அணிக்கு ஆலோசகராக இருந்த நடிகர் அஜித்குமார் பல்லாண்டு காலமாக மாதிரி விமானம் பறக்கவிடுபவர். இலங்கையில் ரே விஜேவர்தன (1924–2010) இரட்டைச் சக்கர நில உழவு இயந்திரத்தை உருவாக்கிய பொறியியலாளர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டியாளர், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தர். இவற்றோடு தம் சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே ஓட்டினார்.

மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு இது கைக்கெட்டாத தொலைவில் இல்லை. க.பொ.த. உயர்தர பௌதிகவியலில் வரும் திருப்பம், ஈர்ப்பு மையம், பிசுபிசுப்பு, ஆற்றல் ஆகிய அலகுகள் ஓர் இறப்பர் விமானத்திலேயே இருக்கின்றன. பெருமழை பெய்யும் ஒக்டோபரிலும் பாடசாலை மண்டபம் காய்ந்தே இருக்கிறது. ஜன்னல்களைச் சாத்தினால் அங்கே காற்றும் அசையாது. உள்ளரங்க இறப்பர் விமானத்துக்கு வேண்டியது அதுதான். விமானி உரிமம் வேண்டாம், பற்றரி வேண்டாம், மைதானம் வேண்டாம். கண்டி மாவட்டத்தின் விஞ்ஞான ஆசிரியர்கள் இவ்வாண்டின் இரண்டாம் இடைப்பருவத்துக்கு முன் ஒரு மண்டபத்தையும் ஓர் அளவு நாடாவையும் ஒரு நிறுத்தற்கடிகாரத்தையும் ஒதுக்கி, மாணவர்களுக்கு ஒரு பறப்பு நேரப் போட்டியை அறிவிக்கவேண்டும்.